நாற்பத்தாறாம் பக்கத்துக்கு அப்புறம்

இருபத்தோராவது விடைத்தாளிலும் அவன் உயிரோடு ஊர் வந்து சேர்ந்துவிட்டான். முத்துப்பேச்சி சிவப்புப் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி அப்படியே இருந்தாள். வரட்டும், நல்லா வரட்டும், இருபத்தோரு தடவையும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கட்டும், மேளம் வைத்துக் கூட்டிக்கொண்டு போகட்டும், நமக்கென்ன, விடைக்குறிப்பில் அப்படித்தானே போட்டிருக்கிறது. பதினெட்டாவது வினா, பதினைந்து மதிப்பெண். 'மனிதனின் பெருவிருப்பும் அதன் எல்லையும்: கிரேக்கக் காவியங்களை முன்வைத்துக் கட்டுரை வரைக.' அதற்கு ஐந்து வரியில் குறிப்பு, வரிக்கு மூன்று மதிப்பெண். தெய்வத்தாய் தன் மகனுக்கு இரண்டு வழி சொன்னாள், மூன்று. போர்க்களத்தில் நின்றால் சின்ன வயதில் சாவு, அழியாத பேர். ஊர் திரும்பினால் நீண்ட ஆயுள், பேர் கிடையாது, மூன்று. பத்தாண்டுப் போரை வென்றான், மூன்று. பல்லாண்டு கடலில் அலைந்து தன் தீவை அடைந்து நெடுங்காலம் அரசாண்டான், மூன்று. ஆகவே விடாது முயல்பவனுக்குப் புகழும் உண்டு வாழ்வும் உண்டு, எல்லை என்பது மனத்தில்தான், மூன்று. எல்லை என்னவென்று கேட்டால் எல்லையே இல்லை என்று பதில், அதற்குப் பதினைந்துக்குப் பதினைந்து. அடப்பாவிகளா, அவன் திரும்பவே இல்லையே. எதிரி நகரத்து மதில் விழுவதைக்கூடப் பார்க்காமல் அங்கேயே மண்ணோடு போனவன். தீவுக்குத் திரும்பியவன் வேறு ஆள், வேறு காவியம், இவன் கோபக்காரன் என்றால் அவன் தந்திரக்காரன், இவன் தலையை வெட்டி அவன் உடம்பில் ஒட்டிவைத்தது எந்தத் தேவனும் இல்லை, ஒரு அச்சகம்.

பாட நோட்ஸின் நாற்பத்தாறாம் பக்கம். கண்ணை மூடினாலும் அவளுக்குத் தெரியும், பழுப்புத் தாள், கீழ் வலது மூலையில் மை திட்டாக அப்பியிருக்கும், கடைசி வரி 'தாய் உரைத்த இரு வழிகளுள் அவன்' என்று நிற்கும். எதிர்ப்பக்கம் 'பல்லாண்டு கடலில் அலைந்து தன் தீவை அடைந்து' என்று ஓடும். ஓடுவது நாற்பத்தொன்பதாம் பக்கத்தில். நடுவில் ஒரு தாள் இல்லை. மடித்தபோது விழுந்ததோ, தைத்தபோது விட்டதோ, ஒரே ஒரு தாள், அதில்தான் அவன் சாவு இருந்தது. வாக்கியம் என்னவோ சிக்கல் இல்லாமல் ஒட்டிக்கொண்டது, அவ்வளவு பொருத்தமாக எந்தக் கல்யாணமும் அமைவதில்லை, எழுவாய் இங்கே, பயனிலை அங்கே, நடுவில் ஒரு பிணம் காணாமல் போயிருக்கிறது, ஒருத்தருக்கும் நாற்றம் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம். பன்னிரண்டு வருஷமாக நாற்பது கல்லூரிப் பிள்ளைகள் அந்த நோட்ஸைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். எழுதியவர் அருமைநாயகம் சார். வினாத்தாள் அமைத்தவர் அருமைநாயகம் சார், விடைக்குறிப்பு அருமைநாயகம் சார், அதோ முன்மேசையில் தலைமைத் தேர்வாளர் என்ற அட்டைக்குப் பின்னால் வடையைத் தினத்தாளில் அமுக்கி எண்ணெய் எடுத்துக்கொண்டிருப்பவரும் அவரே. முத்துப்பேச்சியின் ஆய்வுக்கு நெறியாளரும் அவர்தான். நாலரை வருஷ ஆய்வேடு பைண்டிங் முடிந்து வீட்டில் பீரோ மேல் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும். போடாவிட்டால் பீரோ மேலேயே இருக்கும். இன்றைக்குச் செவ்வாய்.

"என்னட்டி, அந்தப் பேப்பரையே மொறைச்சுக்கிட்டு இருக்கே? அடிச்சிரப் போறே," என்றாள் பக்கத்து நாற்காலி ரோஸ்லின் அக்கா. பதினேழு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்று பேரில் வைத்துவிட்டதால் வேறு எங்கேயும் தர வேண்டியதில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள் என்பாள். அவள் கை ஓயாது, டிக், டிக், டிக், ஒரு கட்டு முப்பது தாளை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பல் குத்துவாள். "அக்கா, இந்தப் பதினெட்டாவது கேள்விக்கு நீங்க எவ்வளவு போட்டிய?" "எல்லாத்துக்கும் பன்னெண்டு. கையெழுத்து நல்லா இருந்தா பதிமூணு." "பதில் தப்புக்கா." "கீயில அப்படித்தான இருக்கு?" "கீயே தப்பு." ரோஸ்லின் அக்கா பேனாவை நிறுத்தாமலே சொன்னாள், "அப்போ எல்லாரும் சரியாத்தான் எழுதியிருக்காவ. வேலையப் பாரு." இதுதான், இந்த ஒரு வாக்கியத்தை எந்தத் தர்க்க நூலில் வைத்து மறுப்பது, கீயே தப்பு, அப்போது எல்லாரும் சரி. மண்டபத்துக்குள் அறுபது பேர், மேலே விசிறிகள் அனலைக் கிண்டிக் கிண்டிப் பரிமாறுகின்றன, முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டது, ஜன்னலுக்கு வெளியே எவனோ வண்டியை உதைத்து உதைத்து ஸ்டார்ட் ஆகாமல் திட்டுகிறான். கோபப்படாதே என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஏன் படக்கூடாது? அந்தக் காவியம் தொடங்குவதே கோபம் என்ற சொல்லில்தானே. ஆம்பிளை கோபப்பட்டால் இருபத்துநாலு காண்டம் பாடுவார்கள், பொம்பளை கோபப்பட்டால் இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி என்பார்கள். இருபத்தோராவது தாளுக்குப் பன்னிரண்டு போட்டாள். போட்ட கைமேலேயே எரிச்சல் வந்தது.

இருபத்திரண்டாவது தாளில் அவன் செத்துப்போயிருந்தான். முதலில் அவளுக்கு விளங்கவில்லை, கண் பழக்கத்தில் 'தன் தீவை அடைந்து' என்பதைத் தேடிக் கீழே இறங்கியது, கிடைக்கவில்லை, திரும்ப மேலே வந்தது. சாய்ந்த கையெழுத்து, பேனா அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் புடைத்திருந்தது. இரண்டு வழியும் அவனுக்குத் தெரியும், தெரிந்தேதான் நின்றான் என்று எழுதியிருந்தது. அவனுக்குப் பேர் கிடைத்தது, ஆனால் பாதாளத்தில் அவன் நிழல் சொன்னதாம், செத்தவர்களுக்கு ராஜாவாக இருப்பதைவிட உயிரோடு ஒரு ஏழைக் குடியானவனுக்குக் கூலிவேலை செய்வது மேல் என்று. ஆக எல்லை எது என்று அவனுக்கே செத்தபிறகுதான் தெரிந்தது என்று எழுதியிருந்தது. முத்துப்பேச்சிக்கு மயிர் கூச்செறிந்தது. யாருடி நீ, எந்த ஊர், எந்தக் கல்லூரிப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதினாய், நோட்ஸைத் தாண்டி எதைப் படித்தாய், யார் கொடுத்தார்கள்? தாளில் பேர் கிடையாது, கிழித்து எடுத்துவிட்டுப் போலி எண் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். ஆணா பெண்ணா தெரியாது, ஆனால் அவள் மனம் பெண் என்று முடிவுசெய்துவிட்டது. அடுத்த பக்கத்தில் இன்னொரு வரி. 'அவன் கோபித்துக்கொண்டு கூடாரத்தில் படுத்திருந்த நாட்களில் செத்துப்போன மற்றவர்களின் அம்மாக்களுக்கு யாரும் இரண்டு வழி சொல்லவில்லை.' இந்த வரி. இந்த வரியை எங்கேயோ கேட்டிருக்கிறோமே. எங்கே? ஏதாவது கருத்தரங்கிலா? மனம் அதில் மாட்டி இழுத்தது, சேலை முள்ளில் மாட்டினாற்போல, இழுத்தால் கிழியும் என்று விட்டுவிட்டாள். மதிப்பெண் போட வேண்டும். மற்ற விடைகளுக்கு எல்லாம் சேர்த்து இருபத்துமூன்று. பதினெட்டுக்குக் குறிப்பின்படி முதல் இரண்டு வரிக்கு ஆறு, மற்றது எல்லாம் முட்டை. இருபத்தொன்பது. தேற முப்பது வேண்டும். அதாவது, அவனைச் சாகவிட்ட குற்றத்துக்காக, இதுவரை பார்த்த இருபத்திரண்டு பேரில் உண்மையை எழுதிய ஒரே பிள்ளை ஒரு மதிப்பெண்ணில் தோற்கிறது.

அவள் எழுந்துவிட்டாள், எழுந்தது காலா கோபமா தெரியவில்லை. "ஏட்டி, உக்காரு," என்று ரோஸ்லின் அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னது பின்னால் கேட்டது. அருமைநாயகம் சார் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, அதுதான் தொல்லை, நல்ல மனிதர், காய்ச்சல் என்று படுத்தால் போன் பண்ணி விசாரிப்பார். "என்னம்மா பேச்சி, கட்டு முடிஞ்சுட்டா?" "சார், பதினெட்டாவது விடைக்குறிப்புல ஒரு பிழை இருக்கு. அந்த வீரன் ஊர் திரும்பலை. போர்லயே இறந்துட்டான்." "எந்த வீரன்?" "நம்ம நோட்ஸ்ல, நாப்பத்தாறாம் பக்கத்துக்கு அப்புறம் ஒரு தாள் விட்டுப்போச்சு சார். நாப்பத்தேழும் நாப்பத்தெட்டும் இல்லை. ரெண்டு ஆள் ஒண்ணா ஆயிட்டாங்க." அவர் வடையைக் கீழே வைத்தார். "நான் எழுதுன புத்தகம்மா அது. எனக்குத் தெரியாதா?" "நீங்க சரியாத்தான் எழுதியிருப்பீங்க சார், அச்சுல..." "பன்னெண்டு வருஷமா எத்தனை வாத்தியார்மார் நடத்தியிருக்காங்க. ஒருத்தருக்கும் கண்ணு இல்லையா, உனக்கு மட்டும்தான் இருக்கா?" குரல் ஏறவில்லை, மண்டபம்தான் அடங்கியது, பிறகு பின்வரிசையில் யாரோ, "பேரே பேச்சி, பின்ன என்ன செய்வா," என்றார். சிரிப்பு. அறுபது பேர் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு சிரிப்பு கிடைத்தது, விசிறிக்குப் பதிலாக. சார் கையமர்த்திவிட்டுத் தணிந்த குரலில், "ஒரு பிள்ளைக்காக முப்பதாயிரம் பேப்பரையும் திரும்பத் திருத்த முடியுமா? கீபடி போடும்மா. வெள்ளிக்கிழமை காலையில தீசிஸைக் கொண்டா, நல்ல நேரம் பார்த்து வச்சிருக்கேன்," என்றார். வெள்ளிக்கிழமை. அந்தச் சொல்லை அவர் மேசைமேல் வைத்த விதம், வடையை வைத்ததுபோலவே, எண்ணெய் ஊறிய தாளின்மேல், மெல்ல.

திரும்பி நடந்த இருபது அடியும் அவள் காது எரிந்தது. அந்தக் காவியத்திலேயே இருக்கிறான் ஒருத்தன், தோள் கூனியவன், சபையில் எழுந்து ராஜாவைப் பார்த்து உனக்கு இன்னும் எவ்வளவுதான் வேண்டும் என்று கேட்டவன். கேட்டது சரியா தப்பா என்று ஒரு ஆள் பேசவில்லை, செங்கோலாலேயே முதுகில் ஒன்று விழுந்தது, படை முழுக்கச் சிரித்தது, அழுதுகொண்டே உட்கார்ந்தான், காவியம் அவனை அதற்குமேல் தேடவே இல்லை. பெருவிருப்பாம், எல்லையாம். எல்லை யாருக்கு? ராஜா ஆசைப்பட்டால் படையெடுப்பு, அடுத்தவன் வாய் திறந்தால் வரம்பு மீறல். எல்லை மனத்தில்தான் என்று எழுதிப் பதினைந்து வாங்கலாம், எழுந்து நின்றால் எல்லை எங்கே இருக்கிறது என்று அறுபது பேர் சேர்ந்து காட்டுவார்கள். நான் சொன்னது உண்மை, உண்மை என்றால் அதற்கு ஒரு பலம் இருக்க வேண்டாமா? இரண்டு வருஷம் முன்பு நூலகத்தில் முழு மொழிபெயர்ப்பை வாசித்து அவன் சாவைக் கண்டுபிடித்த அன்று எப்படி உட்கார்ந்திருந்தோம், யாரோ சொந்தக்காரன் செத்த சேதி தாமதமாக வந்ததுபோல. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? இதோ வந்துவிட்டது, இந்தக் கேள்வி, இதற்குத்தான் பயந்தோம். இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லையே, ஏன்? ஏனென்றால் ஐந்தாறு வருஷம் முன்னே நீயும் அவனை ஊருக்குக் கூட்டிவந்தவள். 'பல்லாண்டு கடலில் அலைந்து தன் தீவை அடைந்து' என்று கமா பிசகாமல் எழுதிப் பதினாலு வாங்கினாய், அந்தத் தாளில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம், மேடையேறிப் பதக்கம் வாங்கினாய், அப்பா அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். பிணத்தை ஒளித்ததற்குக் கிடைத்த பதக்கம். சிரித்த அறுபது பேரையும் மனத்துக்குள் வரிசையாக நிற்கவைத்துத் திட்டிக்கொண்டே வந்தவள், வரிசையின் கடைசியில் கழுத்தில் பதக்கத்தோடு தன்னையே பார்த்தாள்.

உட்கார்ந்ததும் கை தானாக வேலையைத் தேடியது. எழுதாமல் விட்ட பக்கங்களில் குறுக்குக் கோடு போட வேண்டும், விதி. ஒரு வெற்றுப் பக்கம், கோடு. இன்னொன்று, கோடு. மூன்றாவதைப் புரட்டினால் எழுத்து. அதே சாய்ந்த கை, இப்போது அவசரமாக, கடைசிப் பத்து நிமிஷத்தின் ஓட்டத்தோடு. 'ஐயா/அம்மா, 18ஆம் வினாவுக்கு முன்பு எழுதியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கீழே உள்ளதைத் திருத்தவும்.' கீழே, 'தாய் உரைத்த இரு வழிகளுள் அவன் பல்லாண்டு கடலில் அலைந்து தன் தீவை அடைந்து நெடுங்காலம் அரசாண்டான்.' ஐந்து வரியும், குறிப்பில் உள்ள வரிசையிலேயே. முத்துப்பேச்சிக்கு முதலில் வந்தது அந்தப் பிள்ளையை அறைய வேண்டும்போல ஒரு வெறி. உனக்காகத்தானடி இப்போது போய் நின்று அசிங்கப்பட்டு வருகிறேன், உனக்குத் தெரியுமே, தெரிந்துகொண்டே, ஏன், என்ன பயம் உனக்கு, யார் சொன்னது? யார் சொன்னது என்ற இடத்தில் முள் விட்டது, சேலை கிழிந்தது. மழை பெய்த ஒரு மதியம், வகுப்பில் பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள், ஓட்டில் தண்ணீர் அடிக்கிற சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி அவள்தான் சொன்னாள், மற்றவர்களின் அம்மாக்களுக்கு யாரும் இரண்டு வழி சொல்லவில்லை என்று. சொந்தக் கல்லூரித் தாள் கைக்கு வராது என்பார்கள், போலி எண் ஒட்டிக் கலக்கியபிறகு எது எங்கே வருகிறது என்று யாருக்குத் தெரியும். அந்த வரிக்கு அப்புறம் என்ன சொன்னாள் என்பதும் நினைவுக்கு வந்தது, சொன்ன தொனியோடு, தன் சாமர்த்தியத்தில் தானே மகிழ்ந்த அந்தத் தொனியோடு. "தெரிஞ்சு வச்சுக்கிடுங்க, அவன் செத்துட்டான். ஆனா பரீட்சையில சாகடிச்சிராதீங்க, ஃபெயிலாயிருவீங்க." பதினொரு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிள்ளை மனம் பொறுக்காமல் உண்மையை எழுதிவிட்டது, பிறகு மிஸ் சொன்னது ஞாபகம் வந்து பதறி, இரண்டு பக்கம் விட்டு, அவனை உயிரோடு எழுப்பிவிட்டது. அருமைநாயகம் சார் புத்தகத்தில் தாள் தானாக விழுந்தது. இவள் பிள்ளைகளின் மனத்திலிருந்து கையாலேயே கிழித்தாள்.

இப்போது எவ்வளவு சுலபம் பார். இரண்டாவது விடைக்குப் பதிமூன்று போட்டால் முப்பத்தாறு, பிள்ளை தேறிவிடும், சார் மனம் குளிரும், வெள்ளிக்கிழமை வரும். முதல் விடைக்குப் பதினைந்து போட்டால்? மறுபார்வையில் சார் அதை அடித்து ஆறாக்கிவிடுவார், பிள்ளை தோற்கும், இவள் மட்டும் உண்மைக்கு நின்றவள் என்று பேர் எடுக்கலாம். அவனும் அதைத்தானே செய்தான், கோபம் அவனுடையது, செத்தது அடுத்தவன் பிள்ளைகள். அந்த மயிராண்டி வீரம் எனக்கு வேண்டாம் என்று நினைத்தாள், நினைத்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள், ரோஸ்லின் அக்காவுக்குக் கேட்டிருக்குமோ. இரண்டாவது விடைக்குப் பதிமூன்று போட்டாள். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. முப்பத்தாறு என்று கூட்டி எழுதி வட்டம் போட்டாள். மீதி எட்டுத் தாளிலும் அவன் ஊருக்குத் திரும்பினான், எட்டு முறையும் அவள் பன்னிரண்டு கொடுத்து வரவேற்றாள், பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

ஐந்து மணிக்குத் தேர்வாளர் அறிக்கைப் படிவம் வந்தது. ஒவ்வொரு நாளும் வரும், மூன்று கட்டம், வினாத்தாள் பற்றி, விடைக்குறிப்பு பற்றி, மாணவர் தரம் பற்றி. ஊரில் உள்ள எல்லாத் தேர்வாளரும் எல்லா வருஷமும் நன்று, நன்று, சுமார் என்று எழுதிக் கொடுப்பார்கள், ரோஸ்லின் அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எழுதிவிட்டாள். அந்த நடுக் கட்டத்துக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று முத்துப்பேச்சி அன்றைக்குத்தான் பார்த்தாள். இது பிள்ளையின் முதுகு இல்லை, இது என் முதுகு. எழுதினாள். பதினெட்டாம் வினாவின் விடைக்குறிப்பு பிழை. நோட்ஸில் 46ஆம் பக்கத்துக்குப் பின் ஒரு தாள் விடுபட்டுள்ளது. அந்த வீரன் ஊர் திரும்பவில்லை, போரிலேயே இறந்தான். அவனுக்குப் புகழும் வாழ்வும் இரண்டும் கிடைக்கவில்லை, புகழ் ஒன்றுதான் கிடைத்தது. இப்பிழையை மாணவியாக நானும் எழுதி மதிப்பெண் பெற்றேன், ஆசிரியராக நானும் எழுதச் சொன்னேன். அடுத்த ஆண்டு முதல் இவ்வாறு கேட்கவோ திருத்தவோ கூடாது. ரோஸ்லின் அக்கா தோளுக்கு மேலாக வாசித்துவிட்டு, "கோட்டிக்காரி, பைத்தியமாட்டி ஒனக்கு," என்றாள், சத்தமில்லாமல். பிறகு போகாமல் அங்கேயே நின்றாள்.

முன்மேசையில் படிவங்கள் ஒரு அடுக்காக இருந்தன, ரோஸ்லின் அக்கா முன்னாலேயே வைத்துவிட்ட படிவம் மேலாக. அவள் தன்னுடையதை அடுக்கில் சொருகாமல் சாரின் கையிலேயே கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வாசித்தார், இன்னொரு தரம் வாசித்தார். சிரிப்பதற்கு யாரும் மிச்சம் இருக்கவில்லை, எல்லாருக்கும் பஸ் பிடிக்கிற அவசரம். "செத்துட்டான்லா," என்றார் அவர், அவளிடம் இல்லை, தாளிடம். "ஆமா. குதிகால்ல அம்பு. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். என் கல்யாணத்துக்கு மொத வாரம், ராத்திரி முழுக்க முழிச்சு..." அவர் முகத்தில் யாரோ ஒரு இளைஞன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவளுக்கு ஒரு நொடி இரக்கம் வந்தது, அந்த இரக்கம் வந்ததே ஆத்திரமாக இருந்தது, இரக்கப்பட்டுத்தானே பன்னிரண்டு வருஷம் எல்லாரும் நன்று நன்று என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குள் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டார், தலைமைத் தேர்வாளர் ஆகிவிட்டார், படிவத்தின் அடியில் விரலை வைத்தார். "இவ்வளவு தைரியமா எழுதியிருக்கே. பேரைப் போடலியே?" பார்த்தாள். கையெழுத்துக்கான கோடு வெறுமையாக இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை, மறக்கவில்லை, கை அதுவாகவே அந்த இடத்தைத் தாண்டி வந்திருக்கிறது. "பேர் இல்லாத அறிக்கையை நான் மேல அனுப்ப முடியாதும்மா. அப்படியே கிழிச்சுப் போட்டுரலாம். ஒண்ணும் நடக்கல. வெள்ளிக்கிழமை நீ வா," என்றார், உண்மையாகவே அன்பாக, தாய்மார் சொல்கிற குரலில். இரண்டு வழி. அவனுக்காவது கடற்கரை, அலை, வெள்ளிப் பாதத் தெய்வத்தாய். எனக்கு எண்ணெய்த் தாள், வடைத் துணுக்கு. அவர் நீட்டிய பேனாவை வாங்காமல் தன்னுடையதைத் திறந்தாள், சிவப்புதான் கையில் இருந்தது, இருக்கட்டும். படிவத்தை அடுக்கின்மேல் வைத்துத் தன் பேரை இனிஷியலோடு, சுருக்காமல், கல்லூரிப் பேரும் சேர்த்து எழுதினாள். அவள் அழுத்திய அழுத்தில் அது அடியில் இருந்த படிவத்திலும் பதிந்தது, ரோஸ்லின் அக்காவின் படிவத்தில், நன்று என்பதற்கு மேலேயே.